பேச்சித்தாய் இழுத்துச் சென்ற வெளிச்சம்

முள்ளிக்கரைக்கு அந்த வெளிச்சம் வந்தது சுடலைக்கண்ணின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று, மத்தியானம் ரெண்டரை மணிக்கு, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில். பச்சையும் சிவப்புமாய் ஒன்று வானத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தும் நாங்கள் யாரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தின பதினாறு நாட்களிலும் எழுந்திருக்க வேண்டிய எதற்கும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

சுடலைக்கண் கோபுரம் ஏறுகிறவன். எங்கள் ஊர்க் காட்டைப் பிளந்துகொண்டு போகிற உயரழுத்தக் கம்பிகளையும் அவற்றைத் தாங்கி நிற்கிற இரும்புக் கோபுரங்களையும் பராமரிக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, இனி ஏறலாம் என்று கம்பெனி கொடுக்கிற அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். அன்று காலை ஏறச் சொன்னார்கள், ஏறினான். நிறுத்தி வைத்த கம்பியில், செத்த பாம்பு மாதிரிக் கிடந்த கம்பியில், எங்கிருந்தோ வந்த மின்சாரம் அவனைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு பெல்ட்டைக் கோபுரத்தோடு மாட்டியிருந்ததால் அவன் கீழே விழவில்லை. இறக்குவதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால் காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அவன் அங்கேயே தொங்கினான், கீழே ரோட்டில் டவுன் பஸ் போனது, பால் வண்டி போனது, பள்ளிக்கூட வேன் போனது, நாங்களும் போனோம், அடிக்கடி மேலே ஏறி வேலை பார்க்கிறவன்தானே, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

பதினாறாம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் எழுத்தர் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு காக்கிக் கவரும் கொண்டுவந்தார். சுடலைக்கண்ணின் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று யாரோ சொன்னதால், அவரே கவரைப் பிரித்துப் பந்தலில் நின்று சத்தமாகப் படித்தார்:

"சூரியனில் நிகழ்ந்த வெடிப்பினால் உண்டான காந்தப் புயல் பூமியைத் தாக்கியதில் நீண்ட மின்கம்பிகளில் எதிர்பாராத மின்னோட்டம் தோன்றியது. இது இயற்கையின் செயல். மேற்படி தொழிலாளி அனுமதியின்றித் தன்னிச்சையாகக் கோபுரத்தில் ஏறியுள்ளார். கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை. சாட்சி: அந்தோணிமிக்கேல், உடன் பணியாற்றியவர்."

அந்தோணிமிக்கேல் எங்கள் ஊர்க்காரன்தான். சுடலைக்கண் மேலே ஏறினால் இவன் கீழே நின்று கயிறு பிடிப்பான். அன்றைக்கு இரண்டாவது பந்தியில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தன் பெயர் காதில் விழுந்ததும் சோற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை. நாங்கள் அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக அப்பளத்தைப் பார்த்தோம்.

பேச்சித்தாய் பதினாறு நாளும் அழாதவள். எழுத்தரிடம் நிதானமாகத்தான் கேட்டாள்.

"சூரியன்னா, அந்தா நிக்கே, அதுவா?"

"ஆமாம்மா. அதுதான்."

"அதுதான் எம் புருசனைக் கொன்னுச்சின்னு கம்பெனி எழுதியிருக்கா?"

"அப்படி இல்லம்மா... ஆமா. ஒரு வகையில அப்படித்தான்."

அவள் பந்தலை விட்டு வெயிலுக்குள் இறங்கினாள். தெருவின் நடுவில் குனிந்து, ரெண்டு கை நிறைய மண்ணை அள்ளினாள்.

"ஏ சூரியனே! தெனமும் விடியுமுன்ன எந்திரிச்சு நீ வருவேன்னு வாசல் தெளிச்சு வச்சேனே, அதுக்கா இது? எம் புள்ளைய எண்ணெய் தேச்சு உன் வெயில்லதான உக்கார வச்சேன். எம் புருசன் உனக்கு என்னலே செஞ்சான்? நெஞ்சுல தைரியம் இருந்தா எறங்கி வா. எறங்கி வந்து எம் மூஞ்சிக்கு நேரா நின்னு பதில் சொல்லு!"

என்று மண்ணை வானத்தைப் பார்த்து வாரித் தூற்றினாள். தூற்றிய மண் திரும்பக் கீழே விழவில்லை. விழ வேண்டிய நேரம் கடந்தும் விழவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த வெளிச்சம் இறங்கியது, மேலே சிவப்பும் நடுவே பச்சையும் கீழ் ஓரத்தில் கத்தரிப்பூ நிறமுமாக, மடிப்பு மடிப்பாக, காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் தானாகவே அசைந்துகொண்டு, பேச்சித்தாயின் ஓட்டு வீட்டுக்கு ஓர் ஆள் உயரம் மேலே வந்து நின்றது. எழுத்தர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நாங்கள் பாயசத்தையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

சாயங்காலம் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. மறுநாளும் இருந்தது, அதற்கடுத்த வாரமும் இருந்தது, நாங்களும் பழகிப்போனோம். கோழிகள் முதல் மூன்று நாள் அடையாமல் திரிந்து, நாலாம் நாள் பச்சை வெளிச்சம் மங்குகிற நேரம் பார்த்து அடைந்துகொண்டன. செல்போன்கள் செத்துப்போனதால் ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சேதி சொன்னார்கள். அந்த வெளிச்சத்தில் வடகம் சீக்கிரம் காய்கிறது என்று கண்டுபிடித்த பெண்கள் பேச்சித்தாயின் கூரையிலேயே கேட்காமல் ஏறிக் காயப்போட்டார்கள். பக்கத்து ஊர்க் கல்யாண ஜோடிகள் வேன் பிடித்து வந்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை பச்சையாகவும் பெண் சிவப்பாகவும் இருக்கிற மாதிரி நிற்க வைக்க ஒரு போட்டோக்காரர் சுண்ணாம்பால் தரையில் அடையாளம் போட்டு வைத்தார். ஊர்த் தலைவர் பரமதாசன் வண்டி நிறுத்துகிற இடத்தைக் கயிறு கட்டி ஏலம் விட்டார். சாமியாடி வந்து இது அம்மன் என்றார், போதகர் வந்து இது மகிமை என்றார், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவருக்கும் அந்த வீட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு இல்லை, அவள் வாசலைத் தாண்ட வேண்டும் என்றாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் தண்ணீர்க் குடத்தோடு வர வேண்டியிருந்தது, வரும்போது அவள் மேல் இடித்துவிட்டு அவளையே முறைத்தார்கள்.

மூன்றாவது வாரம், பூமியின் காந்தத்தை அளக்கிற ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு வெள்ளை வேனில் இரண்டு பேர் வந்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். அவர்கள் முக்காலியை நிறுத்தி, முள் ஆடுவதைக் குறித்துக்கொண்டு, வெயிலில் வெகுநேரம் நின்றார்கள்.

"இது துருவ ஒளி" என்றார் தாடிக்காரர். "சூரியன்லேருந்து வர்ற துகள்கள் காற்றுல மோதுறதால வர்றது. பூமியோட வடகோடியிலயும் தென்கோடியிலயும்தான் தெரியும். இந்த இடத்துல, இவ்வளவு கீழே, பகல்ல, வரவே வராது."

"வந்துட்டுல்லா சார்" என்றார் டீக்கடைக்காரர், சீனி அதிகமாகப் போட்டு.

பேச்சித்தாய் அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் நடந்தது என்ன என்று அந்தப் பெண்தான் முதன்முதலில் கேட்டாள். இந்த ஊரில் அதுவரைக்கும் பேச்சித்தாயிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பேச்சித்தாய் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் கையில் இருந்த செம்பு தணிந்துகொண்டே போனது.

"எந்தத் தேதிக்கா?"

பேச்சித்தாய் தேதியைச் சொன்னாள்.

"அக்கா, அந்தப் புயல் வருதுன்னு எங்களுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே தெரியும். எல்லா மின் கம்பெனிக்கும் தகவல் அனுப்பினோம். நீளக் கம்பியில யாரையும் ஏத்தாதீங்க, கம்பியை நிறுத்தியிருந்தாலும் ஏத்தாதீங்கன்னு தெளிவா எழுதியிருந்தோம். இந்தக் கம்பெனிகிட்டேருந்து பார்த்தாச்சுன்னு பதிலே வந்துச்சு."

தாடிக்காரர், "அதெல்லாம் நாம பேசக்கூடாது" என்றார். அந்தப் பெண், "நான் பேசுவேன் சார்" என்றாள்.

பேச்சித்தாய் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. செம்பை அந்தப் பெண்ணின் கையிலேயே விட்டுவிட்டு நேராக அந்தோணிமிக்கேல் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போகாமல் வெளியில் நின்றே கேட்டாள்.

"மிக்கேலண்ணே. அவுகளை ஏறச் சொன்னது யாரு?"

அவன் கட்டில் கயிற்றை நிமிண்டினான்.

"கயிறு உம்ம கையிலதான இருந்துச்சு. உமக்குத் தெரியாம ஏறியிருக்க மாட்டாக. யாரு சொன்னா?"

அவன் எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் தெருவில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது வீட்டு முன்னால் இருநூறு பேர் இருந்தார்கள். ஒரு மணப்பெண் மாலையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர், "யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்று பேச்சித்தாயைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். அவளுக்குள் இருந்து வந்த குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணாந்து பாருங்க! நல்லா அண்ணாந்து பாருங்க! கழுத்து வலிக்க வலிக்கப் பாருங்க! எம் புருசன் நாலு மணி நேரம் கம்பியில கரிஞ்சு தொங்கினானே, அன்னைக்கு உங்க கழுத்தெல்லாம் எங்கலே போச்சி? பரமதாசண்ணே, நீரு அன்னைக்கு அந்த ரோட்டுலதான புல்லட்ல போனீரு? ஏ வடகம் போடுதவளே, நீ பஸ்ஸுல ஜன்னலோரமாத்தான உக்காந்திருந்த? ஒருத்தராவது தலையைத் தூக்கிப் பாத்தியளா? வெளிச்சம்னா பாப்பிய, மனுசன்னா பாக்க மாட்டியளா?"

 

கூட்டத்தை விரட்டுவதற்கென்று விளக்குமாறை எடுத்தாள். ஓங்கியபோது அது, வாசல் பக்கம் தாழத் தொங்கிய வெளிச்சத்தின் கீழ் ஓரத்தில் பட்டது. வெளிச்சம் ஈக்குகளில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. அவள் அதைக் கையால் விலக்கப் பார்த்தாள். விலகவில்லை, விரல்களுக்குள் மடிந்தது. பிழிந்து உதறின துணி மாதிரிக் குளிர்ச்சியாக இருந்ததாகப் பின்னால் சொன்னாள். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த ஓரத்தை இழுத்து இடுப்பில் சேலைக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு, கம்பெனி ஆபீஸ் இருக்கிற டவுனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

பதினோரு மைல். அவள் நடக்க நடக்க அத்தனை வெளிச்சமும் அவள் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு வந்தது, புளியமரங்களின் உச்சியை உரசிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டு, ஆடுகளின் நிழலைச் சிவப்பாக்கிக்கொண்டு வந்தது. முதலில் வேடிக்கைக்காகத்தான் பின்னால் போனோம். மூன்றாவது மைலில் வேடிக்கை பார்க்கிறவர்கள் திரும்பிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் நாங்கள் மட்டும் போனோம், ஏனென்றால் திரும்பிப் போகிற தைரியம் எங்களுக்கு இல்லை. சுங்கச்சாவடியில் தடுப்புக் கட்டை தானாக மேலே போய் நின்றுவிட்டது. பைபாஸில் ஒரு இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி, "ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கா?" என்று கேட்டார்.

"நான் ஊர்வலம் போகல. குத்தவாளியைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பேச்சித்தாய்.

"யாரும்மா குற்றவாளி?"

அவள் கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார், தன் வயர்லெஸ்ஸைப் பார்த்தார், அது கரகரவென்று எதையோ சொல்லிவிட்டு அணைந்தது. ஜீப்பைப் பின்னால் எடுத்தார்.

கம்பெனி ஆபீஸ் நாலு மாடி, முழுக்கக் கண்ணாடி. பேச்சித்தாய் வாசற்படி ஏறியதும் வெளிச்சமும் அவளோடு உள்ளே நுழைந்தது, மாடிப்படிகளில் சுருண்டு ஏறியது, கூரை விசிறிகளைச் சுற்றிக்கொண்டது; கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக இருண்டன, ஏசி நின்றது, ஊழியர்களின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கத்தரிப்பூ நிறமாயின. மேலாளர் உதயசங்கர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சவரம் செய்த முகம், கழுத்தில் அடையாள அட்டை.

"என்ன இது? யார் நீங்க?"

"சுடலைக்கண் பெண்டாட்டி. சூரியன்தான் கொன்னுச்சின்னு எழுதியிருந்தியளே, ஆளைக் கூட்டியாந்திருக்கேன். வெசாரிங்க."

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா—"

"என் வருத்தத்தை விடுங்க. வெசாரிங்க. இது எப்பக் கெளம்புச்சி, எப்ப வரும்னு யாருக்கு முன்னாடியே சொன்னாவ, யாரு அதைப் படிச்சுட்டு ஆளை மேல ஏத்துனான்னு கேளுங்க."

உதயசங்கர் மேஜையில் இருந்த போனை எடுத்தார். அதில் ஒரு சத்தமும் இல்லை. "அவரு தானா ஏறினார். சாட்சி இருக்கு" என்றார்.

அப்போதுதான் அந்தோணிமிக்கேல் வந்தான். எங்களுக்கெல்லாம் பின்னால், அரை மைல் தள்ளி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு முழு தூரமும் நடந்தே வந்திருக்கிறான். கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து நின்றான்.

"சார் பொய் சொல்லுதாரு. நானும் பொய்க் கையெழுத்துதான் போட்டேன். லைன் கிளியர் சார்தான் போன்ல குடுத்தாரு, ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். எர்த் கம்பி மாட்ட ஆள் வரட்டும் சார், காலையிலேருந்து கம்பியில என்னமோ உறுமுதுன்னு சுடலை சொன்னான். சார் சிரிச்சாரு. 'சூரியன் வெடிக்குதாம்டா, மெயில் வந்திருக்கு, வெடிக்கதுக்குள்ள வேலையை முடிச்சுட்டு எறங்கு'ன்னு சொன்னாரு. சுடலையும் சிரிச்சுட்டுத்தான் ஏறினான்."

அறையில் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள். உதயசங்கர் ஊழியர்களைப் பார்த்தார். ஊழியர்கள் தங்கள் மேஜைகளைப் பார்த்தார்கள்.

மிக்கேல் பேச்சித்தாயின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "தங்கச்சி, வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

"எனக்குப் புருசன் போயிட்டான்" என்றாள் அவள். "நீரு என்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாம், நான் குடுக்கவும் மாட்டேன். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடும்."

அவன் எழுதினான். உதயசங்கர் எழுதவில்லை. "இது என் அதிகாரத்துல இல்லம்மா, மேலிடத்துலேருந்து உத்தரவு வரணும்" என்றார்.

"சரி. வரட்டும்." பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்தாள். "எம் புருசன் உத்தரவு வார வரைக்கும் நாலு மணி நேரம் தொங்கினான். உங்களைத் தொங்கச் சொல்லல. நில்லுங்க."

அவர் உட்காரப் போன நாற்காலியை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. அவருடைய ஆபீஸ்காரர்களில் ஒருவர்தான் எடுத்தார். உதயசங்கர் நின்றார். வெளிச்சம் அவரைச் சுற்றி மெல்ல மெல்ல மடிந்தும் விரிந்தும் அசைந்துகொண்டிருந்தது, அவர் வேர்வை பச்சையாக வழிந்தது, முதல் மணி நேரம் கோபத்தில் பேசினார், இரண்டாவது மணி நேரம் பிள்ளைகுட்டிக்காரன் என்று சொன்னார், மூன்றாவது மணி நேரம் சுவரில் சாய்ந்துகொண்டார். நாலாவது மணி நேரத்தில், "என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்தினார்.

"ஒரு வரியை அடிக்கணும். ஒரு வரியை எழுதணும்."

"அது என் கையில இல்லைன்னு சொல்றேன்ல!"

"பேனா உங்க சட்டைப் பையிலதான இருக்கு."

பேச்சித்தாய் மடியிலிருந்து அந்தக் காக்கிக் கவர்த் தாளை எடுத்து நீட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். 'அனுமதியின்றித் தன்னிச்சையாக' என்பதை அடித்தார். அதற்கு மேலே, எச்சரிக்கை கிடைத்திருந்தும் என் உத்தரவின் பேரில் ஏறினார் என்று எழுதினார். வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தார். கேட்கவில்லை என்றாள். இன்னும் சத்தமாகப் படித்தார். பேச்சித்தாய் அந்தத் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டித் தானும் ஒருமுறை படித்து, நாலாக மடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள், அந்த ஆபீஸ் தரையில் உட்கார்ந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து. நாங்கள் சுற்றி நின்றோம். தொடுவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததால் சும்மா நின்றோம்.

அந்தத் தாளின் பேரில் வழக்குப் பதிவானது. உதயசங்கரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் அதே கம்பெனியின் இதைவிடப் பெரிய ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதைக் கேட்ட அன்று பேச்சித்தாய் சாப்பிடவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. மிக்கேல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்ச் சாட்சி சொல்கிறான். அவளோடு ஒரே பஸ்ஸில் போகிறான், அவள் அவனோடு பேசுவதில்லை.

வெளிச்சம் அவள் வீட்டுக்கு மேலேயே மறுபடி வந்து நின்றுகொண்டது. பரமதாசன் வந்து, "தாயி, இனிமே இது ஊருக்குப் பொதுச் சொத்து, தீர்மானம் போட்டுருவோம்" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்; தீர்மானம் போடவில்லை.

பங்குனி மாதம் ஒரு காலையில், மேற்கே கல்குவாரிப் பக்கத்திலிருந்து குருவம்மா என்று ஒருத்தி வந்தாள். இருபத்தாறு வயதுகூட இருக்காது. மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பேச்சித்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'மழையினால் இளகிய பாறையின் அடியில் தன் கவனக்குறைவால் சென்று நின்றார்.'

"மழை பெய்யலக்கா" என்றாள் குருவம்மா. "அன்னைக்கு மழையே பெய்யல. வெடி வச்சாங்க. ஆள் உள்ள இருக்குன்னு சொல்லச் சொல்ல வச்சாங்க."

பேச்சித்தாய் தாளை மடித்து அவளிடமே கொடுத்தாள். விளக்குமாறை எடுத்து வெளிச்சத்தின் ஓரத்தைக் கீழே இழுத்தாள். குருவம்மாவின் இடுப்பில் அதைச் செருகி, ரெண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்தாள்.

"இப்பிடி இறுக்கிச் செருகிக்கோ. கையில பிடிக்காத, கை மரத்துப் போவும். போலீஸ் நிறுத்தினா நில்லு, ஆனா உக்காந்திராத. உள்ள போனதும் அழுதிராத. அவங்க வாயால படிச்ச பெறகு அழலாம்."

"எத்தனை நாளைக்கு வச்சுக்கலாங்க்கா?"

"எழுதித் தார வரைக்கும். எழுதினதும் உனக்கு அடுத்தவகிட்டக் குடு."

"அடுத்து யாருக்கா?"

பேச்சித்தாய் ரோட்டைக் காட்டினாள். காலை பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பெண்கள். அந்த பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ் நின்றது, அதற்குப் பின்னால் ஒரு மினி வேன், அதற்கும் பின்னால் நடந்து வருகிறவர்கள். ஒவ்வொருத்தி கையிலும் மடித்த ஒரு தாள் இருந்தது, அந்த வரிசை குளத்து வளைவைத் தாண்டியும் முடியாமல் வந்துகொண்டே இருந்தது.